கல்லாவில் ஒருவர், கணக்கில் ஒருவர்: கூத்துக் கலையைத் தாங்கிய தம்பதி

ஊருக்கு ஊர் மளிகைக் கடைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பெயர்ப்பலகையில் கடைக்காரர் பெயர் இருக்கும். கல்லாவிலும் அவரே இருப்பார். ஆனால் யாருக்கு எவ்வளவு பற்று, எந்த மொத்த வியாபாரிக்கு எந்தக் கிழமை பணம் தரவேண்டும், எந்த டப்பாவில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று கேட்டால் அவர் உள்ளே திரும்பி வீட்டுக்காரம்மாவைத்தான் பார்ப்பார். சனிக்கிழமை இரவு பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டபின் நம் கடைகளில் கூடும் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்தவர் யாருமில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இழுத்ததால்தான் பல கடைகள் இன்று நிமிர்ந்து நிற்கின்றன.

லாபம் பார்க்கும் வியாபாரத்தில் இப்படி இருவர் சேர்ந்து உழைப்பது இயல்பு. லாபமே இல்லாத ஒரு பொதுக்காரியத்தில் ஒரு கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி உழைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லவேண்டியது கடமை. காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் திரு. பெருங்கட்டூர் ராஜகோபாலும், அவருடைய துணைவியார் திருமதி ஹன்னே டி புருயினும்தான் அந்தத் தம்பதி. சரக்கு விலை, வரி, உரிமம் பற்றியே படித்துப் பழகிய நம் வணிகப் பெருமக்களுக்கு, கூத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். முழுதும் படித்தால் சம்பந்தம் உண்டு என்பது புரியும்.

கூத்து என்னும் தொழில்

வட தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் கூத்து இல்லாமல் முடியாது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் தீமிதி என்று பல நாட்கள் நடக்கும். கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். முதலில் கட்டியக்காரன் வந்து சபையைச் சிரிக்க வைப்பான். பிறகு ராஜ வேடங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வெளிப்படும். மிருதங்கம், டோலக்கு, ஆர்மோனியம், தாளம், முகவீணை இவைதான் பக்கவாத்தியம். மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை அவர்களுடையது.

கர்ணன், துரியோதனன் போன்ற பெரிய வேடங்களுக்குத் தலையில் கிரீடம், தோளில் புஜகட்டை, மார்பில் பதக்கம் உண்டு. எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வர்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்வார்கள். இந்த அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். கட்டை கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து.

இது கலை என்பதோடு ஒரு தொழிலும் ஆகும். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்து நாள் குறிப்பார்கள். குழுவை நடத்துபவர், நல்ல நடிகர் வேறு குழுவுக்குப் போய்விடாதபடி சீசனுக்கு முன்பே அவருக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பார். நடிகர் அந்தப் பணத்தை ஆடிக் கழிக்கவேண்டும். திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் வேலை இருக்கும். மழைக்காலம் வந்தால் கூத்தாடியவர் கூலி வேலைக்கோ, வயல் வேலைக்கோ போகவேண்டும். சீசன், அட்வான்ஸ், ஆள் பிடிப்பு, நிலுவை என்ற சொற்களெல்லாம் பனியன் தொழிலோடு புழங்கும் நமக்குப் புதியவை அல்ல.

பத்து வயதில் தொடங்கிய வேலை

ராஜகோபால் 1953-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தை பொன்னுசாமி, பெருங்கட்டூரில் கூத்துக் குழு நடத்தியவர். கடைக்காரர் பிள்ளை பள்ளி விட்டதும் கடையில் பொட்டலம் கட்டுவதுபோல, ராஜகோபால் பத்து வயதிலேயே தந்தையின் குழுவில் வேடம் கட்டினார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆட்டமும் பாட்டும் ஏறின, ஏட்டுக் கல்வி போயிற்று. இந்தக் குறை அவர் மனத்தில் தங்கியது என்பதைப் பிற்காலத்தில் அவர் செய்த காரியமே காட்டுகிறது. அதைப் பின்னால் சொல்வோம்.

கூத்தில் அவர் நடிகர், பாடகர், ஆசிரியர், கதை எழுதுபவர் என்று எல்லாமும் ஆனார். தன் குழுவை மட்டும் பார்த்துக்கொண்டு, திருவிழாவுக்குத் திருவிழா ஆடிவிட்டு இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நெதர்லாந்திலிருந்து வந்தவர்

ஹன்னே நெதர்லாந்து நாட்டவர். 1980-களில் ஆராய்ச்சி செய்வதற்காகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். தமிழ் கற்று, கூத்துக் குழுக்களோடு பழகி, கட்டைக்கூத்தைப் பற்றி லைடன் பல்கலைக்கழகத்தில் 1994-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆராய்ச்சி 1999-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. கர்ண மோட்சம் கூத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1998-ஆம் ஆண்டு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வாயிலாக வெளியாயிற்று.

ஆராய்ச்சிக்கு வரும் வெளிநாட்டார் பலர். குறிப்பெடுத்துக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு, பட்டம் வாங்கியதும் ஊர் திரும்புவது வழக்கம். ஹன்னே திரும்பவில்லை. ராஜகோபாலை மணந்து, காஞ்சிபுரத்தையே தன் ஊராக்கிக்கொண்டார். பட்டம் வாங்கிக் கொடுத்த கலைக்குத் தன் காலத்தையே திருப்பிக் கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

நாம் தொடக்கத்தில் சொன்ன மளிகைக் கடைக் கணக்கு இங்கேயும் பொருந்தும். மேடையும் பயிற்சியும் ராஜகோபாலிடம். எழுத்து, ஏற்பாடு, நிதி கேட்டு விண்ணப்பம், வெளியூர் வெளிநாட்டுத் தொடர்பு இவையெல்லாம் பெரும்பாலும் ஹன்னேயிடம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

போட்டியாளர்களுக்கு ஒரு சங்கம்

1990-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. லாப நோக்கில்லாத அமைப்பு. தொழில்முறையில் கூத்தாடுபவர்களும் பக்கவாத்தியக்காரர்களும் அதில் சேர்ந்தார்கள்.

இதன் அருமை நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே தெருவில் இரண்டு மளிகைக் கடை இருந்தால் அரிசி மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்து மற்றவரின் வாடிக்கையை இழுப்பது நடக்கத்தான் செய்கிறது. கூத்துக் குழுக்களும் அப்படியே. ஒரு ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு குழுக்கள் போட்டி போட்டு, தொகையைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் இருவர் வயிறும் காயும். போட்டியாளர்களை ஒரே பாயில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பது எந்த வணிகர் சங்கச் செயலாளரைக் கேட்டாலும் தெரியும். சந்தா வசூலிப்பதற்கே கால் தேயும். பிரச்சினை வந்தால் எல்லோரும் வருவார்கள், பிரச்சினை தீர்ந்தால் கூட்டத்துக்கு ஆள் இருக்காது.

அந்த வேலையைத்தான் ராஜகோபாலும் ஹன்னேயும் கையில் எடுத்தார்கள். தன் குழு வளர்ந்தால் போதும் என்று இருக்காமல், தொழிலில் இருக்கும் எல்லோருக்குமாக ஒரு இடம் உண்டாக்கினார்கள். சங்கத்தின் பெயரில் பயிற்சியும் கூத்து விழாக்களும் நடந்தன. பல குழுக்கள் ஒரே இடத்தில் ஆடிக் காட்டவும், ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்க்கவும் அந்த விழாக்கள் வழி செய்தன.

பெயருக்கு ஒரு மரியாதை

கடைக்குப் பெயர்ப்பலகை எவ்வளவு முக்கியம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூத்துக்காரர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? 'கூத்தாடி' என்பதைத் திட்டும் சொல்லாகவே ஊரில் பலர் பயன்படுத்துகிறார்கள். 'தெருக்கூத்து' என்ற பெயர்தான் புத்தகங்களிலும் அரசுக் காகிதங்களிலும் பரவலாக வழங்குகிறது. தெருவில் ஆடுவது என்றால் மலிவானது என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் கட்டைக்கூத்து என்ற பெயரே தங்கள் கலைக்குப் பொருத்தம் என்று ராஜகோபால் விடாமல் வற்புறுத்தினார், சங்கத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

புரிசை போன்ற புகழ்பெற்ற மரபினர் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமை. எந்தப் பெயர் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. தன் தொழிலைத் தான் என்ன பெயரால் அழைக்கவேண்டும் என்பதைத் தொழில் செய்பவனே முடிவு செய்யவேண்டும் என்ற ரோசம் இருக்கிறதே, அதைத்தான் நாம் பாராட்டுகிறோம்.

அடுத்து யார்?

இன்று நம் சங்கக் கூட்டங்களில் காபி குடிக்கும் நேரத்தில் அதிகம் அடிபடும் பேச்சு எது? பையன் படித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான், கடையை அடுத்து யார் பார்ப்பது என்பதுதான். கூத்துக்காரர் வீட்டிலும் அதே கேள்வி. இரவெல்லாம் கண்விழித்து, தொண்டை வற்றப் பாடி, அரிதாரம் கலைத்துவிட்டு வீடு திரும்பும் தகப்பன் தன் மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்ப யோசிப்பதில் தவறில்லை. அப்படி அனுப்பினாலும், தன்னைப்போலவே மகனும் படிப்பை விட்டுவிடுவானே என்ற பயம் வேறு.

இந்த இடத்தில்தான் ராஜகோபாலின் பழைய குறை பலருக்கு நன்மையாக மாறியது. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-ஆம் ஆண்டு கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். கலையா படிப்பா என்று ஒன்றைக் கைவிடவேண்டிய நிலை அங்கே இல்லை. ராஜகோபால் தனக்குக் கிடைக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தார்.

இன்னொரு பெரிய காரியமும் அங்கே நடந்தது. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது பரம்பரை வழக்கம். திரௌபதியாக வருபவரும் ஆண்தான். குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். பெண் வேடம் மட்டும் என்று ஒதுக்காமல், கட்டை கட்டி ஆடும் பெரிய ஆண் வேடங்களையும் கற்றார்கள். அங்கே பயின்ற பெண்கள் மேடையேறியபோது பார்த்தவர்கள் வியந்தார்கள், முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள். பெண் பிள்ளை கல்லாவில் உட்காருவதா என்று ஒரு காலத்தில் கேட்டவர்கள் நம்மிலும் உண்டே. இன்று மகளும் மருமகளும் நடத்தும் கடைகள் நம் கண்ணெதிரே நன்றாக ஓடுகின்றன.

பிள்ளைகள் ஆடுவதற்கென்று ராஜகோபால் புதிய கூத்துகளையும் எழுதினார். பழைய கதையை விட்டுவிடாமல், புதிய சரக்கையும் கொண்டுவந்தார். 2017-ஆம் ஆண்டு கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும் திருமதி சங்கீதா சிவகுமாரும் இந்தக் கூத்துக் குழுவினரோடு ஒரே மேடையில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். சபாக்களில் கேட்கும் பாட்டும் கிராமத்துக் களத்தில் கேட்கும் பாட்டும் அடுத்தடுத்து நின்று ஒலித்தன. கூத்துப் பாட்டுக்கு எத்தனை பயிற்சியும் எத்தனை மூச்சும் வேண்டும் என்பதை நகரத்து ரசிகர்கள் நேரில் பார்த்தார்கள்.

2020 கற்பித்த பாடம்

இந்தக் கதையில் மனம் கனக்கும் பக்கமும் உண்டு. குருகுலம் 2020-ஆம் ஆண்டோடு மூடப்பட்டது. 18 ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளி அது.

அந்த ஆண்டை நாம் மறக்க முடியாது. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அது பங்குனி மாதம். பங்குனி, சித்திரை, வைகாசி தான் கூத்துக்காரர்களின் முக்கிய சீசன். நம் மளிகைக் கடைகளுக்காவது நேரக் கட்டுப்பாட்டோடு திறந்து வைக்க அனுமதி இருந்தது. கூத்துக்கு அதுவும் இல்லை. கோவில் திருவிழா நின்றால் கூத்து நின்றது, கூத்து நின்றால் அடுப்பு நின்றது. ஒரு சீசன் போனால் ஒரு வருட வருமானமே போன தொழில் அது.

குருகுலம் மூடியதால் அந்தத் தம்பதியின் உழைப்பு வீணாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பழைய கடை ஒன்று மூடினாலும், அங்கே வேலை கற்றவர்கள் பத்து ஊரில் பத்துக் கடை வைத்திருந்தால் அந்தக் கடை இன்னும் நடக்கிறது என்றுதான் அர்த்தம். குருகுலத்தில் கற்ற பிள்ளைகளின் காலிலும் தொண்டையிலும் அந்தப் பாடம் இருக்கிறது. எழுதி வைத்த நூல்கள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு பேர் எவ்வளவு இழுத்தாலும் ஒரு கலையை இரண்டு பேர் மட்டும் தாங்கிவிட முடியாது. பார்ப்பவர் வேண்டும், அழைப்பவர் வேண்டும், பணம் கொடுப்பவர் வேண்டும். வாங்குபவர் இல்லாத சரக்கை எத்தனை நாள் கடையில் வைத்திருக்க முடியும்?

கடல் கடந்தும் ஒரு தம்பதி

இப்படி நாடகத்துக்காக இணைந்து உழைத்த இன்னொரு தம்பதியையும் இங்கே சொல்லவேண்டும். இலங்கையில் 1978-ஆம் ஆண்டு தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் தொடங்கப்பட்டது. திரு. க. பாலேந்திரா அதன் நெறியாளர். அவருடைய துணைவியார் திருமதி ஆனந்தராணி அதன் முன்னணி நடிகை. பாலேந்திரா பொறியியல் படித்தவர். நாட்டு நிலைமையால் இலங்கையை விட்டுப் போகவேண்டி வந்தபோதும் நாடகத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. லண்டனிலும் அதே கழகத்தின் பெயரில் தமிழ் நாடகம் நடத்தினார்கள், வேறு நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாடகம் வழியாகத் தமிழைக் கற்றுக்கொடுத்தார்கள். வேரோடு பெயர்ந்து போன மக்களுக்குத் தங்கள் மொழியை வாய்விட்டுப் பேசக் கிடைத்த இடம் அந்த மேடை. காஞ்சிபுரத்துக் கிராமமானாலும் லண்டன் மாநகரமானாலும் காரியம் ஒன்றுதான்.

நம் பங்கு என்ன?

இவ்வளவும் நம் பகுதிக்கு எப்படிப் பொருந்தும்? திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தக் கோவில் பொங்கலானாலும், தேர்த் திருவிழாவானாலும் நன்கொடை நோட்டுப் புத்தகம் முதலில் வருவது நம் கடைக்குத்தான். நூறு, ஐநூறு, ஆயிரம் என்று எழுதுகிறோம். அந்தப் பணத்தில் எதை மேடையேற்றுவது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆளுயர ஸ்பீக்கர் வைத்து, சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா நடத்தினால்தான் திருவிழா என்ற நிலை வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூன்று இரவு நிகழ்ச்சி இருந்தால் ஒரு இரவைக் கூத்துக்கு ஒதுக்கலாம் என்கிறோம்.

நம் ஊர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வட மாவட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ. நம்மிடம் அரிசி பருப்பு வாங்குபவர்கள் அவர்கள். திருவிழாவுக்கு ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு இங்கேயே ஒரு இரவு கூத்து நடந்தால் அது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நம் பிள்ளைகளுக்கும் கர்ணன் கதை நேரில் கிடைக்கும். விடியவிடிய முடியாது என்றால் மூன்று மணி நேரம் ஆடச் சொல்லலாம். பேசிய தொகையை ஆட்டம் முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். அலைய விடக்கூடாது. நிலுவைக்கு அலைவதன் வலி நமக்குத் தெரியாதா?

கொங்கு மண்ணுக்கென்றும் சொத்து உண்டு. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடும் மரபு நம்முடையது. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-ஆம் ஆண்டு காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி அந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். அது பிறகு நூலாகவும் வந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் நம் வீட்டுப் பொக்கிஷத்தைப் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறார். இனி அதைப் பாடுபவரை அழைப்பதும், வள்ளி கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் பிள்ளைகளை அனுப்புவதும் நம் கையில் இருக்கிறது.

பொன்னாடை போர்த்துவது, மாலை போடுவது, போட்டோ எடுத்துக்கொள்வது இவையெல்லாம் மரியாதைதான். ஆனால் கலைஞனுக்கு உண்மையான மரியாதை அடுத்த ஆட்டத்துக்கு வைக்கும் வெற்றிலை பாக்கு. ராஜகோபால், ஹன்னே தம்பதியைப் பாராட்ட விரும்பும் வணிக நண்பர்கள் அடுத்த திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் கூத்துக்காக ஒரு வார்த்தை பேசட்டும். நன்கொடை நோட்டில் தொகையை எழுதும்போது பக்கத்தில் 'கூத்துக்கு' என்று எழுதட்டும்.

தனக்கென்று ஒரு கடையை மட்டும் நடத்தாமல், தொழிலுக்கென்று ஒரு சங்கமும் ஒரு பள்ளியும் நடத்திய அந்தத் தம்பதியை வணிகர்கள் சார்பில் வணங்கி வாழ்த்துகிறோம்.